முதல் தரம் (நாய்த்தடம் நீங்கலாக)

எங்கள் குடியிருப்பில் ஒருவன் கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம், செத்தும் போகலாம். சங்கத்தைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்குப் பின்னால் நாலு சட்டி காங்கிரீட்டைக் கொட்டி ஒரு தளம் போட்டுவிட்டால் போச்சு, தரைமுகத் தரக்குழு வந்து பார்த்துத் தரம் சொல்லும்வரை அதன்மேல் சொந்தக் காலை வைக்கக் கூடாது. வைத்தது தெரிந்தால் தளத்தைப் பெயர்த்தெடுக்கச் சொல்லிவிடுவார்கள். சொன்னால் பெயர்த்துத்தான் ஆக வேண்டும். தண்ணீர்க் குழாயின் சாவி சங்கத்திடம் இருக்கிறது.

முதல் தரம், நடுத்தரம், பரிதாபம் என்று மூன்று வகை. எந்த வகை என்பதைத் தகட்டில் எழுதி வாசல் கேட்டில் அடித்துவிடுவார்கள். என் வீட்டுத் தகட்டில் 'பரிதாபம்' என்று இருக்கிறது. தபால்காரர் அதைப் படித்துவிட்டுக் கடிதத்தை நீட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். ஆகவே இந்தக் கதையை நான் நடுநிலையோடு சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் குழுவைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கதை பக்கத்து வீட்டுத் தையற்காரருடையது. முன்னறையில் இரண்டு மிஷின் போட்டிருக்கிறார். ஒன்றில் அவர், இன்னொன்றில் அவர் மனைவி. நடுவில் ஒரு திரைச்சீலை. அதற்குப் பின்னால் இருக்கும் அறையில் அவருடைய அப்பா. லாரி ஓட்டிய மனுஷன். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து வாய் கோணி, பேச்சுக் குழறி, நாலு கால்களிலும் ரப்பர் மாட்டிய அலுமினிய வாக்கரைப் பிடித்துத்தான் நடக்கிறார். அவர் பேசுவது மருமகளுக்கு முழுசாகப் புரியும். மகனுக்கும் புரியும், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டார்.

தையற்காரர் கெட்டவர் இல்லை. அப்பாவைக் குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, நகம் வெட்டுவது எல்லாம் அவர்தான். நாலு பேர் பார்த்தால்தான் அவருக்குக் கூசும். கடையில் யாராவது துணியோடு நிற்கும்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தால், தலையை நிமிர்த்தாமல், "டிவிங்க" என்பார். டிவி இருமுமா, டிவி மருமகளைக் கூப்பிடுமா என்று எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை. சட்டை நேரத்துக்குக் கிடைத்தால் போதும் என்று போய்விடுவார்கள்.

வாழ்நாள் முழுக்கச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே காற்றில் உட்கார வேண்டும், பின்சந்தில் போகிற வண்டிகளைப் பார்க்க வேண்டும், இவ்வளவுதான் அவர் கேட்டது. பின்வாசலில் இறங்கப் படிகள். வாக்கருக்கும் படிக்கும் ஒத்துவராது. கடைசியில் மருமகள் பிடிவாதம் பிடித்தாள்.

"வாசப்படி மட்டத்துக்குத் தளத்தை உசத்திப் போட்டுருங்க. மாமா அப்படியே நடந்து வெளிய வந்துடுவாங்க."

"வெளிய உக்காந்தா சந்துல போறவங்க எல்லாம் பார்ப்பாங்களே."

"பார்க்கட்டுமே. அவர் என்ன திருடிட்டா வந்திருக்கார்?"

கொத்தனார் வந்தார். கலவையைக் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்து, கரணையால் தேய்த்து முடித்தார். கொஞ்சம் இறுகட்டும் என்று விட்டுவிட்டு முன்பக்கம் டீ குடிக்கப் போனார். அந்த நேரம் பார்த்துப் பெரியவர் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிறார். பின்கதவு திறந்து கிடந்தது. வாசப்படி மட்டத்துக்குப் பளபளவென்று ஒரு தரை. தனக்காகத்தான் போடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். காய வேண்டும் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வாக்கரை எடுத்து வைத்தார். நாலு காலும் பதிந்தன. அப்புறம் வலது பாதத்தை வைத்தார். பெருவிரல் ஒரு பக்கமாகச் சாய்ந்த பாதம் அது. ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து அப்படி ஆகிவிட்டது. இடது பாதத்தைத் தூக்குவதற்குள் மருமகள் ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

கொத்தனார் குனிந்து பார்த்தார். "பாதி இறுகிடுச்சுங்க. இப்போ கரணைய வச்சா சுத்தி இருக்கறதும் பேந்துடும். விடுங்க. மேல ஒரு பாயைப் போட்டுட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் வெளியூர்க்காரர். எங்கள் குழுவைப் பற்றி அவருக்குத் தெரியாது.

தளம் காய்ந்து, தண்ணீர் விட்டு நனைத்த நாட்களும் கழிந்தபின் ஒரு சாயங்காலம் குழு வந்தது. சாய்ந்த வெயிலில்தான் வருவார்கள். உச்சி வெயிலில் தரை பொய் சொல்லுமாம். மூன்று பேர். தலைவர், ஏதோ ஓர் அலுவலகத்தில் ரப்பர் முத்திரைகள் தெளிவாக விழுகின்றனவா என்று பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர், குடையும் விதிப் புத்தகமுமாக வரும் அம்மா. மூன்றாமவர் கன்னத்தார்.

கன்னத்தாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கையால் தடவிப் பார்ப்பது நம்பகமானதல்ல, கை வேலை செய்து காய்த்துப்போயிருக்கும் என்று குழு முடிவு செய்திருக்கிறது. அதனால் ஓர் உறுப்பினர் தரையில் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். இடது கன்னம் காங்கிரீட்டுக்கு, வலது கன்னம் மொசைக்குக்கு. இடது கன்னத்தில் அவர் வீட்டில் யாரும் முத்தம் கொடுக்கக் கூடாது என்று ஏற்பாடு. படுத்தவர் தூங்கிவிட்டால் தரை முதல் தரம். புரண்டால் நடுத்தரம். எழுந்து உட்கார்ந்தால் பரிதாபம். என் தளத்தில் அவர் படுக்கவே இல்லை, குனிந்து பார்த்துவிட்டுக் கண்ணீர் விட்டார்.

தெருவே திரண்டு மதில்மேல் சாய்ந்து நின்றது. நானும் நின்றேன். மூவரும் செருப்பைக் கழற்றி, வெள்ளைக் காலுறை மாட்டிக்கொண்டார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நாங்க தரையைப் பார்க்க வரலை. தரையில தெரியற மனுஷனைப் பார்க்க வர்றோம். சில பேர் கேட்கறாங்க, உங்க வீட்டுத் தரையை யார் பார்த்தாங்கன்னு. நியாயமான கேள்வி. என் வீட்டுத் தரையை யாரும் பார்க்க முடியாது. கார்ப்பெட் போட்டு மூடியிருக்கேன். ஏன் மூடியிருக்கேன்? தரம் சொல்றவன் தரையிலயே விரிசல்னா மக்களுக்கு நம்பிக்கை போயிடும். மக்கள் நம்பிக்கையைக் காப்பாத்தறதுக்காக நான் எவ்வளவு பெரிய கார்ப்பெட் வாங்கினேன்னு எனக்குத்தான் தெரியும்."

செயலாளர் அம்மா கை தட்டினாள். மதிலோரம் இருந்த நாங்களும் தட்டினோம். தண்ணீர்க் குழாய் ஞாபகம் வந்தால் கை தானாகத் தட்டும்.

முதலில் தூரப் பார்வை. தளத்தைவிட்டுத் தள்ளி, நின்ற நிலையில், கண்ணைப் பாதி மூடிப் பார்க்க வேண்டும். குறை ஒன்றும் தெரியவில்லை. "தூரத்துல ஒண்ணும் தெரியலை. சந்தேகமா இருக்கு" என்றார் தலைவர். கிட்டே வந்தார்கள். ஆணி முனை அளவு துளை ஒன்று தெரிந்தது. "கிட்ட வந்தா தெரியுது. அப்போ தூரத்துல ஏன் தெரியலை?" என்று மறுபடி தள்ளிப் போனார்கள். இப்படி அவர்கள் முன்னும் பின்னும் போய்வந்ததில் சாய்ந்த வெயில் இன்னும் சாய்ந்துவிட்டது. தையற்காரர் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைச் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார்.

அடுத்துக் கன்னம். கன்னத்தார் ஒரு கைக்குட்டையால் இடது கன்னத்தைத் துடைத்துக்கொண்டு படுத்தார். கண்ணை மூடினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சீராக ஒரு குறட்டை கிளம்பியது. தையற்காரரின் முகம் மலர்ந்தது. மனைவி ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பெரியவர் முகமும் கோணலாகச் சிரித்தது.

தூக்கத்தில் கன்னத்தார் காலை நீட்டினார். கொத்தனார் சொன்னபடி போட்டு வைத்திருந்த பாய் விலகியது.

"அது என்ன?" என்றார் தலைவர்.

நாலு வட்டங்கள். அவற்றுக்குப் பின்னால் ஒரு பாதம். செயலாளர் அம்மா விதிப் புத்தகத்தைப் பிரித்தாள்.

"தடம் இருக்கு. மனுஷத் தடம்னா அது அலட்சியம், தளத்தைப் பெயர்த்துடணும். விலங்குத் தடம்னா அது இயற்கை. இயற்கையை நாம ஒண்ணும் கேட்க முடியாது. நீங்களே சொல்லுங்க, இது யாரோட தடம்?"

தையற்காரர் ஜன்னலைப் பார்த்தார். மதிலோரம் வரிசையாக இருந்த எங்கள் தலைகளைப் பார்த்தார்.

"நாய் சார்."

"எந்த நாய்?"

"ஏதோ தெரு நாய் சார். சொல்லாம கொள்ளாம வந்து மிதிச்சிட்டுப் போயிடுச்சு."

தளத்தைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று பின்னால் அவர் என்னிடம் சொன்னார். இருக்கலாம். ஆனால் தளத்தைக் காப்பாற்ற அவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை. தலைவர் பக்கத்தில்தான் நின்றார். அந்தச் சத்தம் எங்களுக்காக. ஜன்னலில் இருந்த முகத்துக்கும் இந்த வீட்டுக்கும் சம்பந்தமில்லை என்று எங்களுக்குக் கேட்க வேண்டும். அவர் மனைவி தலையைத் திருப்பிக்கொண்டாள். பெரியவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, எடுக்க மறந்ததுபோல.

விசாரணை ஆரம்பமாயிற்று. கன்னத்தாரையும் எழுப்பிவிட்டார்கள்.

"வட்டமா இருக்கே. நகத்தைக் காணோமே?" என்றார் தலைவர்.

"நகம் வெட்டின நாய் சார்."

"தெரு நாய்க்கு யாருய்யா நகம் வெட்டறது?"

தையற்காரர் டேப்பை மறுபடி சுருட்டினார். முந்தின நாள்தான் அவர் பின்வாசலில் உட்கார்ந்து அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

"சரி. நாலு தடமும் நாயோடது. இந்தப் பாதம்?"

"அது... துரத்தினவங்க கால் சார்."

"ஒத்தைக் கால்லயா துரத்தினாங்க?"

கன்னத்தார் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே உதவிக்கு வந்தார். "ஒரு காலை வச்சதும் தரையோட அருமை தெரிஞ்சிருக்கும். இன்னொரு காலை வைக்க மனசு வரலை."

தலைவருக்கு அது பிடித்துப்போயிற்று. "எழுதிக்கோங்கம்மா. துரத்தினவர் பண்பாளர்."

"நாயைத் துரத்த வச்ச கால் நாய்க் கணக்குலதான் சார் வரும்," என்றாள் செயலாளர் அம்மா. "ஆனா துரத்தினவர் வந்து காலை வச்சுக் காட்டணும். பொருந்தணும்."

"நான்தான் துரத்தினேன்" என்று தையற்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் வலது காலை வைத்தார். குதிகால் வெளியே நின்றது. தலைவர் சப்பணம் போட்டு உட்கார்ந்து விரல் விரலாகப் பார்த்தார்.

"நீளம் ஒத்துவரலை."

"காங்கிரீட் காயும்போது சுருங்கும் சார்," என்றாள் செயலாளர் அம்மா.

"சுருங்கட்டும். பெருவிரல் திரும்புமா? இந்தத் தடத்துல பெருவிரல் சாய்ஞ்சிருக்கு. இவர் விரல் நேரா இருக்கு. வேற யாரோ. ஏம்மா, நீங்க கொஞ்சம் காலை வையுங்க."

தையற்காரரின் மனைவி நகரவில்லை. "நான் வைக்க மாட்டேன். அது யார் கால்னு எனக்குத் தெரியும்."

"நீ சும்மா இரு," என்றார் தையற்காரர் பல்லுக்குள்.

"சும்மாதானே இருக்கேன் இத்தனை நாளா! டிவின்னீங்க, சும்மா இருந்தேன். இப்போ நாய்ங்கறீங்க. ஏங்க, உங்களுக்கு வாய் கூசலையா?"

"குடும்ப விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம்," என்றார் தலைவர். "இது தரை விஷயம்."

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. ரப்பர் கால்கள் தரையில் ஊன்றி ஊன்றி வருகிற சத்தம். பின்வாசலில் பெரியவர் தெரிந்தார். படி இல்லை, தடுக்கல் இல்லை. மருமகள் கேட்டபடியே மட்டமாக இருந்தது வழி. அவர் வாக்கரை எடுத்து முன்னால் வைத்தார். நாலு ரப்பரும் நாலு வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தன. வலது பாதத்தைத் தூக்கித் தடத்துக்குள் வைத்தார். சாய்ந்த பெருவிரல் முதற்கொண்டு, அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது.

பெரியவர் தலைவரைப் பார்த்து ஏதோ சொன்னார். குழறலாக வந்தது.

"என்ன சொல்றார்?" என்றார் தலைவர்.

தையற்காரருக்குப் புரிந்தது. அவர் காது மடல்கள் சிவந்ததை நான் பார்த்தேன். மனைவிதான் சொன்னாள்.

"நாய் வந்தாச்சு, எழுதிக்கோங்கன்னு சொல்றார்."

"அப்படியா!" என்றார் தலைவர். அவர் முகத்தில் குழப்பமோ கூச்சமோ எதுவும் இல்லை. ஒரு வேலை முடிகிற நிம்மதிதான் தெரிந்தது. "ஆனா எனக்குத் தெளிவா வேணும். தையற்காரரே, இவர் யாரு?"

"எங்க..." என்று ஆரம்பித்தார் தையற்காரர்.

"பார்த்துச் சொல்லுங்க. அப்பான்னா மனுஷத் தடம். நாளைக்கே பெயர்த்தாகணும். நாய்னா தகடு தயாரா இருக்கு. எங்களுக்கு உண்மை தெரிஞ்சாகணும்னு ஒண்ணும் அவசியமில்லை. எங்களுக்கு ஒரே பதிலா இருந்தா போதும்."

தையற்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அவரைப் பார்க்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம், சந்தில் திரும்ப முடியாமல் ஒரு வண்டி பின்னால் போய் முன்னால் வந்துகொண்டிருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளைக்குப் பிறகு ஒரு வண்டியைப் பார்க்கிறார்! முகத்தில் காற்றுப் பட்டு நரைமுடி அசைந்தது. தையற்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"பதில் வரலைன்னா முதல்ல சொன்னதே செல்லும்," என்று செயலாளர் அம்மா விதியைப் படித்தாள்.

"ரொம்பச் சரி," என்றார் தலைவர். பெரியவரின் தோளை அன்பாகத் தொட்டு, "பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நாய்த்தடத்தை அளக்கணும்" என்றார்.

பெரியவர் தள்ளி நின்றார். மருமகள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அவர் அதில் உட்கார்ந்துகொண்டார். நாலு வட்டத்தையும் பாதத்தையும் அளந்து முடித்ததும் தலைவர் எங்கள் பக்கம் திரும்பி முடிவுரை ஆற்றினார்.

"இன்னிக்கு இந்தக் குழு ஒரு நல்ல முன்னுதாரணத்தைக் காட்டியிருக்கு. கண்ணால பார்க்கறதை வச்சு நாங்க எதையும் முடிவு பண்றதில்லை. கண்ணுக்கு என்னென்னமோ தெரியும். விதிக்கு என்ன தெரியுதோ அதுதான் கணக்கு. முதல் தரம், நாய்த்தடம் நீங்கலாக. தையற்காரருக்கு வாழ்த்துகள். இனிமே நாயைக் கட்டிப்போடுங்க."

எங்களில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் கேட்டில் தகடு ஏறியது. முதல் தரம் என்று பெரிதாக, நாய்த்தடம் என்று சிறிதாக. மனைவி அதன்மேல் ஈரத்துணியைக் காயப்போட்டாள். சங்கத்திலிருந்து வந்து எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள். அடுத்த நாள் வேறு துணியைப் போட்டாள்.

பெரியவர் காலையும் மாலையும் தளத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒருநாள் தலைவர் சந்து வழியாகப் போனபோது, நாற்காலியில் இருந்தபடியே, "லொள்" என்றார். பேச்சுக் குழறுகிறவருக்கு அந்த ஒரு சொல் மட்டும் சுத்தமாக வந்தது. தலைவர் நின்று, "நல்லா இருக்கா நாய்?" என்று விசாரித்துவிட்டுப் போனார். சந்து முழுக்கச் சிரிப்பு. பெரியவரும் சிரித்தார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையற்காரரின் மிஷின் மட்டும் நின்றது. வெகுநேரம் கழித்துத்தான் மறுபடி ஓடியது.

சென்ற வாரம் பேன்ட்டின் நீளத்தைக் குறைக்கக் கொடுத்துவிட்டு நான் அந்த முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். புதிதாக ஒருவர் கால்சட்டைத் துணியோடு வந்திருந்தார். தையற்காரர் அவருக்கு இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து இருமல் சத்தம் வந்தது.

"உள்ள யாருங்க?" என்றார் வந்தவர்.

தையற்காரர் டேப்பைப் பிடித்தபடி நின்றார். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். மனைவி மிஷினை நிறுத்திவிட்டாள். அவர் போய்த் திரைச்சீலையை முழுசாக விலக்கினார். பின்கதவு வழியாகத் தளமும், நாற்காலியும், வெள்ளை முடியும் தெரிந்தன. எங்கள் எல்லோருக்கும், தளத்தில் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

"எங்க அப்பாங்க."

பெரியவர் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கிருந்தே, சந்தைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"லொள்."

வந்தவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தையற்காரர் கால் நீளம் எடுக்கக் குனிந்தார். கணுக்கால் அருகே டேப்பைப் பிடித்துக்கொண்டு, அளவை வாய்விட்டுச் சொல்லாமல், குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார்.